எரிமலைக்கு அப்புறம்

வணக்கம் ஐயா. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்காக 90 ரிங்கிட் கொடுத்து ஓர் அறிவியல் பெட்டி வாங்கினேன். எரிமலை பொங்கியது, கைதட்டினான். மறுநாள் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். "ஏம்மா அப்படி ஆகுது?" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வீட்டுச் சாமான்களை வைத்தே செய்யும்படி ஏதாவது சொல்லுங்களேன்.
ஒரு தாய், செந்தூல்

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன்மேல் ஒரு தப்பும் இல்லை. என்ன நடக்கும் என்று பெட்டியின் மேலேயே படம் போட்டிருந்தால், பையன் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

எரிமலையைப் பொங்கவைத்த அதே வினிகரையும் சமையல் சோடாவையும் மறுபடி எடுங்கள். சின்னத் தண்ணீர் போத்தலில் 100 மில்லி வினிகர். பலூனுக்குள் அரைத் தேக்கரண்டி சோடா. பலூனைப் போத்தல் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே விழும், கரியமில வாயு பலூனை ஊதும். நூலால் பலூனின் சுற்றளவை அளந்து எழுதச் சொல்லுங்கள். அடுத்து புது வினிகரில் ஒரு தேக்கரண்டி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் சோடாவைப் போடுவதற்கு முன்னால் "இந்தத் தடவை எவ்வளவு பெரிசாகும்?" என்று கேளுங்கள். அவன் சொல்வதையும் எழுதிவையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு கரண்டிக்கும் மூன்றுக்கும் பலூனில் பெரிய வித்தியாசம் இருக்காது. அவன் நிச்சயம் ஏமாந்துபோவான். அந்த இடத்தில்தான் பையன் யோசிக்க ஆரம்பிப்பான். பலூனைக் கழற்றிவிட்டு அந்தப் போத்தலிலேயே இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றட்டும். மறுபடி நுரைக்கும். தீர்ந்துபோனது எது, மிஞ்சியது எது என்று அவனே சொல்லிவிடுவான்.

பதில் தெரியாது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பதில் தெரிந்தவர்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறோம். என் மகள் சின்னவளாக இருந்தபோது நானும் அப்படித்தான் சொல்லிச் சொல்லி அவள் கேட்பதையே நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் அது மனத்தை உறுத்துகிறது. "தெரியலையே, வா பார்க்கலாம்" என்று சொல்ல உங்களால் முடியும்.

உங்களுக்குத் தெரிந்ததும் நிறைய இருக்கிறது. சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதும் அதே வேதியியல்தான். சோப்பும் சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளவை, மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

சங்குப்பூ இன்னும் அழகு. இங்கே பினாங்கில் சீனர் வீட்டு நியோன்யா பலகாரங்களுக்கு நீலம் ஏற்றுவது அதுதான், உங்கள் பக்கம் வேலியோரங்களில்கூடக் கிடைக்கும். பத்துப் பூவைச் சுடுநீரில் போடுங்கள் (கொதிநீரை நீங்களே ஊற்றுங்கள்). ஆறியதும் சின்னக் கிண்ணங்களில் பிரித்துவையுங்கள். ஒன்றில் லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்தால் ஊதாவாகி, இன்னும் பிழியப் பிழிய இளஞ்சிவப்புப் பக்கம் போகும். சோடாக் கரைசல் விட்டால் பச்சை தட்டும். புளித்தண்ணீர், துணி துவைக்கும் தூள், திருநீறு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அவன் ஒரு நிறம் சொல்லட்டும். விடைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. முடிந்ததும் கிண்ணங்களைக் கொட்டிக் கழுவிவிடுங்கள். பால்கனியில் தண்ணீர் தேங்கினால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வந்துவிடும்.

அப்புறம், காசே இல்லாத ஒன்று. வெயில் உள்ள நாளில் கீழே திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு, பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது, நிழலை மட்டும். நிழல் மிகச் சிறிதாவது 12 மணிக்கு என்றுதான் எல்லாரும் நினைப்போம். கோலாலம்பூரில் அது ஏறக்குறைய 1.15க்குத்தான். நம் கடிகாரம் நமக்கு வெகு கிழக்கே உள்ள 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். குச்சியின் நிழல் பழையபடியே சூரியனைப் பார்த்துத்தான் நகர்கிறது.

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் பார்க்கலாம். வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். உங்கள் ஊரில் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும், எங்கள் பினாங்கில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும். அன்று அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. மேகம் மறைத்தால் மறுநாள் போங்கள், ஒரு நாள் தள்ளினாலும் நிழல் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகத்தான் இருக்கும். குடை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் சொன்ன நிறங்களையும் பலூன் அளவுகளையும் எனக்கு எழுதுங்கள், தவறாகப் போனவற்றையும் சேர்த்து.