மருந்தை நிறுத்தினால் எதிர்ப்புத் திறன் போய்விடுமா?

கேள்வி: பண்ணைக் கோழிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் அவற்றின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன என்று வகுப்பில் சொன்னார்கள். மருந்துதான் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றுகிறதா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தன்னை எதிர்க்கும் மாற்றத்தை மருந்தே கிருமிக்குள் உண்டாக்குவதில்லை. பாக்டீரியா ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அந்தப் படியெடுப்பில் மிக அரிதாகப் பிழைகள் நேர்கின்றன. ஒரு கோழியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருப்பதால், எவ்வளவு அரிதான பிழையும் எங்கோ ஒன்றில் நேர்ந்தே தீரும். அந்தப் பிழை மருந்திலிருந்து காப்பதாக அமைந்துவிட்டால், மருந்து உள்ளே வரும்போது மற்றவை மடிந்துபோக, அந்த ஒன்று தடையின்றிப் பெருகுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியவர்கள் அமெரிக்க மரபியலாளர்களான ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும். 1952-இல் வெளியான அவர்களது ஆய்வில், மருந்தே கலக்காத தட்டில் வளர்ந்த பாக்டீரியாக்களின் மேல் கிருமி நீக்கிய வெல்வெட் துணியை அழுத்தி எடுத்து, அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டுகளில் ஒற்றினார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரே இடத்தில் பாக்டீரியா வளர்ந்தது. முதல் தட்டில் அதே இடத்தில் இருந்தவற்றை எடுத்துச் சோதித்தபோது, மருந்தை ஒருநாளும் சந்தித்திராத அந்தக் கூட்டத்தில் எதிர்ப்புத் திறன் முன்பே இருந்தது தெரியவந்தது.

உணவு வழிக் கிருமிகளில் இதற்கு நல்ல உதாரணம், கோழி இறைச்சி மூலம் பரவி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபேக்டர். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள், டி.என்.ஏ.வின் முறுக்கைச் சீர்செய்யும் ஜைரேஸ் என்ற நொதியைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவைக் கொல்கின்றன. அந்த நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 86-ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலியூசின் வந்துவிட்டால், மருந்தால் அதைச் சரிவரப் பற்ற முடிவதில்லை. உணவு வழியே பரவும் இன்னொரு கிருமியான சால்மொனெல்லா அதே மருந்தை வலுவாக எதிர்க்க வேண்டுமானால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் தேவைப்படும். கேம்பிலோபேக்டருக்கு ஒன்றே போதும்.

கேள்வி: ஒரு கிருமியின் எதிர்ப்புத் திறன் வேறு வகைக் கிருமிக்கும் போய்ச் சேரும் என்று படித்தேன். இது எப்படி இயலும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: இயலும் என்பது மட்டுமல்ல, என் கருத்தில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியதும் இதற்குத்தான். 1950-களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஷிகெல்லா கிருமிகள் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் ஒருசேரக் கட்டுப்படாமல் போயின. நான்கு தனித்தனிப் பிழைகள் தற்செயலாக ஒரே கிருமியில் கூடுவது ஏறத்தாழ நடக்காத காரியம். 1959-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள், நம் குடலில் வாழும் ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் ஒன்றாக வளர்த்தால் நான்கு எதிர்ப்புத் திறன்களும் ஒரே மூட்டையாகக் கைமாறுகின்றன என்று கண்டறிந்தார்கள்.

அந்த மூட்டைக்குப் பெயர் பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வான குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம் அது. இரண்டு பாக்டீரியாக்கள் உடலோடு உடல் ஒட்டி நிற்கும்போது, பிளாஸ்மிட்டின் ஒரு படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. கொடுத்த பாக்டீரியாவும் அதை இழப்பதில்லை. பிளாஸ்மிட்டில் இருக்கும் மரபணுக்களுள் சில, மருந்தைச் சிதைக்கும் நொதியை உருவாக்குகின்றன. செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கும் சி.டி.எக்ஸ்-எம் வகை மரபணுக்கள் இத்தகையவை. வேறு சில, உள்ளே நுழைந்த டெட்ராசைக்ளினை வெளியே தள்ளும் புரதங்களை உருவாக்குகின்றன.

2015-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட எம்.சி.ஆர்-1 மரபணுவின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேறு எந்த மருந்தும் வேலை செய்யாத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கடைசியாக நம்பியிருக்கும் மருந்துகளுள் கோலிஸ்டினும் ஒன்று. அதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எதிர்மின்னூட்டத்தால் ஈர்க்கப்பட்டு, அங்கே ஒட்டிச் சவ்வைக் குலைக்கும். எம்.சி.ஆர்-1 உருவாக்கும் நொதி, சவ்வில் ஒரு சிறு வேதிக்கூறைச் சேர்த்து அந்த எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கோலிஸ்டினுக்கு எதிர்ப்பு அதற்கு முன்பும் இருந்தது; ஆனால் அது குரோமோசோமில் நேர்ந்த பிழைகளால் வந்ததாகவே அறியப்பட்டிருந்தது. பன்றிப் பண்ணை ஒன்றில் எடுத்த ஈ.கோலையில் அதைப் பிளாஸ்மிட்டில் கண்டபோது ஆய்வுலகம் திடுக்கிட்டதற்குக் காரணம் அதுதான். அதே ஆய்வில், 2011 முதல் 2014 வரை விலங்குகளிடமிருந்து சேகரித்த 804 ஈ.கோலை மாதிரிகளில் 166-இலும், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-இலும், 1322 உள்நோயாளி மாதிரிகளில் 16-இலும் அந்த மரபணு இருந்தது. விலங்கிலும் இறைச்சியிலும் அதிகம், மனிதரிடம் குறைவு என்ற அந்த வரிசையே, அது பண்ணையிலிருந்து மனிதரை நோக்கி வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வலுச் சேர்த்தது.

கேள்வி: கோலிஸ்டினைத் தடை செய்த பிறகு நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. மருந்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்புத் திறனும் தானாக மறைந்துவிடும் அல்லவா, ஐயா?
– கோழிப் பண்ணையாளர், நாமக்கல்

பதில்: உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. நீங்கள் அதைக் கடைப்பிடிப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது. எதிர்ப்புத் திறன் மறையுமா என்பது, அந்த மரபணு எங்கே அமர்ந்திருக்கிறது, பக்கத்தில் எதை வைத்திருக்கிறது, அதைச் சுமப்பதால் கிருமிக்கு என்ன இழப்பு என்பவற்றைப் பொறுத்தது.

கோலிஸ்டினைப் பொறுத்தவரை செய்தி நல்லதே. சீனா 2017-இல் அதைத் தீவனத்தில் வளர்ச்சி ஊக்கியாகச் சேர்ப்பதை நிறுத்தியது. பன்றிகளின் ஈ.கோலையில் 2015–16-இல் 34 விழுக்காடாக இருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு 2017–18-இல் 5.1 விழுக்காடாகவும், கோழிகளில் 18.1 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகவும் இறங்கியது. தன் சவ்வையே மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்குச் சுமை. மருந்து இல்லாத இடத்தில் அந்தச் சுமை இல்லாதவையே முந்துகின்றன.

டென்மார்க்கில் நடந்தது வேறு. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு உறவான அவோபார்சின் என்ற வளர்ச்சி ஊக்கியை அந்நாடு 1995-இல் தடை செய்தது. கோழிகளில் வான்கோமைசினை எதிர்க்கும் என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா குறைந்தது. பன்றிகளில் மட்டும் குறையவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் டைலோசின் போன்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன. பன்றிகளுக்கு டைலோசின் தொடர்ந்து கொடுக்கப்பட்டதால், கொடுக்கப்படாத மருந்துக்கான எதிர்ப்பும் கூடவே வாழ்ந்தது. 1998-இல் டைலோசின் பயன்பாடு வெகுவாகக் குறைந்த பிறகே பன்றிகளிலும் அது இறங்கியது.

அமெரிக்கா கோழிகளுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்த என்ரோஃப்ளாக்சசின் கொடுக்கும் அனுமதியை 2005-இல் திரும்பப் பெற்றும், கேம்பிலோபேக்டரின் எதிர்ப்புத் திறன் ஒழியவில்லை. முதல் பதிலில் சொன்ன அந்த ஓரெழுத்து மாற்றம் கிருமிக்குப் பெரிய இழப்பைத் தருவதில்லை. மருந்தே கொடுக்காத கோழிகளிலும் எதிர்ப்புள்ள கிருமி எதிர்ப்பற்றதை முந்தியதைச் சோதனைகள் காட்டியுள்ளன. தொடக்கத்திலிருந்தே கோழிகளுக்கு இவ்வகை மருந்தை அனுமதிக்காத ஆஸ்திரேலியாவில் இந்த எதிர்ப்பு நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது.

ஆகவே, ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதோடு வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். கோழிகள் நோயுறும்போது கால்நடை மருத்துவரிடம் கிருமி வளர்ப்புச் சோதனையும் மருந்து உணர்திறன் சோதனையும் கேளுங்கள். எந்தக் கொட்டகைக்கு எந்த மருந்து எத்தனை நாள் என்பதை ஏட்டில் எழுதி வையுங்கள். நோயில்லாத கொட்டகைக்கு முன்னெச்சரிக்கையாகக் குடிநீரில் ஆன்டிபயாட்டிக் கலப்பதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

கேள்வி: மஞ்சள் தூள் போட்டு நன்றாகக் கழுவிச் சமைத்தால் இந்தக் கிருமிகள் போய்விடுமா?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: கொல்வது வெப்பம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் மற்றக் கிருமிகளைப் போலவே வெந்து மடியும். எலும்பை ஒட்டிய சதை வரை முழுவதும் வேக வேண்டும், அவ்வளவுதான். மஞ்சளை இதற்கு நம்ப வேண்டாம். குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர் தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் கிருமியைப் பரப்புகிறது என்பதால், கழுவியே ஆக வேண்டுமென்றால் அகலமான பாத்திரத்தில் மெதுவாகக் கழுவுங்கள். குழம்பைவிட, கோழி வெட்டிய அதே பலகையில் வெங்காயத்தையும் வெள்ளரியையும் நறுக்கிப் பச்சையாகப் பரிமாறுவதே ஆபத்து. அப்படி உள்ளே போகும் ஈ.கோலை உங்களை நோயாளியாக்காமலே சில நாள் குடலில் தங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களுக்குத் தன் பிளாஸ்மிட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பச்சை இறைச்சிக்கென்று ஒரு பலகையும் கத்தியும் தனியாக வைத்து, வெட்டி முடித்ததும் அவற்றையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.