கறிவேப்பிலைச் செடிக்கு வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒரே இனம் என்றால், பெண் பூச்சிகள் ஏன் வேறு வேறு தோற்றத்தில் இருக்கின்றன?

இந்த இனத்தின் பெயர் காமன் மோர்மன். ஆணின் கறுப்புப் பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை ஒன்று இருக்கும். பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். சில காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவும், சில கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவும் இருக்கும். இப்படி வேற்று இனத்தின் சாயலில் இருப்பதை 'ஒப்புப்போலி' என்பார்கள்.

காரணம் பறவைகள். ரோஸ் இனங்களின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்துக்கொடி போன்றவற்றைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பையும் கறுப்பையும் மறப்பதில்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளரும் மோர்மனுக்கு அந்த நஞ்சு கிடையாது. நாய் வளர்க்காத வீட்டின் கதவில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டுவதைப் போன்றதுதான் இது. தெருவில் எல்லா வீட்டிலும் வெறும் பலகை மட்டும் தொங்கினால் திருடன் அஞ்ச மாட்டான். போலிகள் பெருகினாலும் அப்படித்தான், பறவைகள் துணிந்துவிடும். ஆணைப் போன்ற பெண்களும் அழியாமல் நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கணக்குதான்.

அடையாளம் காண உடலைப் பாருங்கள்: ரோஸுக்குச் சிவப்பு, மோர்மனுக்குக் கறுப்பு.

பெண் பூச்சி ரோஸைப் பார்த்துத் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, எந்தத் தோற்றம் என்பதைப் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணு முட்டையிலேயே தீர்மானித்துவிடுகிறது.