அந்த விளம்பரத்தில் இல்லாதவர்

கேள்வி: எனக்கு 46 வயது, மகனுக்கு 17. சின்ன வயதிலிருந்தே அவன் ஒரு விளையாட்டு வீரரின் தீவிர ரசிகன். அவர் மனைவிக்குத் துரோகம் செய்த கதைகள் போன வருடம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. இப்போது ஒரு ஷூ கம்பெனி அவரை வைத்து விளம்பரம் எடுத்திருக்கிறது. பேசாமல் கேமராவையே பார்க்கிறார், கண் கலங்குகிறது, ‘விழுந்தவனுக்குத்தான் எழத் தெரியும்’ என்று எழுத்து வருகிறது, அடுத்த நொடி ஷூ! அந்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. செய்தி வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. இனி அந்த பிராண்டை என் காசில் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மகன் சிரிக்கிறான். “நீ ஷூ வாங்குறியா, கேரக்டர் சர்டிஃபிகேட் வாங்குறியாம்மா?” என்கிறான். ‘ஒரு விளம்பரத்துக்கா இவ்வளவு கோபம்’ என்கிறார் கணவர். நான்தான் அளவுக்கு மீறுகிறேனா? மகன் இதை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வது பயமாகவும் இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. ‘அந்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.’ செய்தி வந்தபோது வராத கோபம் விளம்பரம் வந்தபோது வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் செய்த தப்பு உங்களுக்குப் பழைய சங்கதி. புதிதாக நடந்தது வேறு. அந்தத் தப்பையே துடைத்து மெருகேற்றி ஒரு கம்பெனி உங்களிடம் விற்க வந்திருக்கிறது. இதற்குக் கோபப்படுவதில் அளவு மீறல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உங்களைப் போலக் கோபப்பட்டவர்கள் முன்பும் உண்டு. 2009 நவம்பர் கடைசியில் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸின் கார் அவர் வீட்டருகே விபத்துக்குள்ளானது. அதைத் தொடர்ந்து அவருடைய ரகசிய உறவுகள் வரிசையாக அம்பலமாயின. அவருடைய ஸ்பான்சர்களில் ஆக்சென்ச்சர் விலகியது, ஏடி அண்ட் டி விலகியது, கேட்டரேட் விலகியது. நைக்கி விலகவில்லை. 2010 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டி மூலம் அவர் களத்துக்குத் திரும்பினார். அதற்கு முந்தின நாள் நைக்கி ஒரு கறுப்பு வெள்ளை விளம்பரத்தை வெளியிட்டது. உட்ஸ் அசையாமல் நிற்கிறார். பின்னணியில் அவருடைய அப்பா ஏர்ல் உட்ஸின் குரல் கேட்கிறது. நீ என்ன யோசித்தாய், உன் மனதில் என்ன இருந்தது, இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டாயா என்று மகனைக் கேட்கிறது அந்தக் குரல். அப்பா 2006-லேயே இறந்துவிட்டார்.

சிலர் உருகிப்போனார்கள். பலருக்கு உடம்பு கூசியது. அப்பாவின் குரலை எடுத்துவிட்டு வேறு குரல்களைப் போட்டுக் கேலி செய்த வீடியோக்கள் நாலாபக்கமும் பரவின. அப்புறம்தான் இன்னொன்று தெரியவந்தது. அந்தக் குரல் பழைய பேட்டி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது, அப்பா அதைப் பேசியது முற்றிலும் வேறு சந்தர்ப்பத்தில். மகனுடைய இந்தத் தப்பைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை, திறந்திருக்கவும் முடியாது.

இறந்தவர் குரலை இப்படிப் பயன்படுத்தலாமா என்பதுதான் அன்றைக்குப் பெரிய சர்ச்சை. எனக்கு அதைவிட உறுத்துவது அந்தக் காட்சியில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது. கண்டிக்க ஓர் அப்பா, குற்ற உணர்வோடு ஒரு மகன், பார்த்து மனம் இரங்க நாம். காயப்பட்ட மனைவிக்கு அங்கே இடமே இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை, ஷூவும் பந்தும் வாங்குகிற நம்மிடம் கேட்கிறார்கள். நம்மிடம் இல்லாத ஒன்றை நாம் எப்படிக் கொடுப்பது? உங்கள் ஷூ விளம்பரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த மனைவி கணவரை மன்னித்திருக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். அது அவர் பாடு. அவருக்குப் பதிலாக நம்மைத் தலையாட்டச் சொல்வதுதான் இதில் அநாகரிகம்.

ஆனால் எல்லா வீரர்களின் தப்பும் இந்த வகை அல்ல. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் வந்த ஒரு நைக்கி விளம்பரத்தில், தன்மேல் இருந்த ஊக்கமருந்து சந்தேகத்தையே அவர் கிண்டலடிப்பார். தினமும் 6 மணி நேரம் சைக்கிளில் உயிரைக் கொடுத்து உழைக்கிறேன், அதுதான் என் மருந்து என்கிற தொனியில் பேசுவார். 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வெளியானது. 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிபோயின. உட்ஸை விடாத அதே நைக்கி, ஆம்ஸ்ட்ராங்கை விட்டது. பத்து வருடங்களுக்கு மேலாக எங்களை ஏமாற்றினார் என்று அறிக்கையும் விட்டது. இங்கே பாதிக்கப்பட்டவர்களில் பார்வையாளர்களும் அடக்கம். அந்த விளம்பரமே நம் முகத்துக்கு நேராகச் சொன்ன பொய். அவரை மன்னிப்பதும் மன்னிக்காததும் நம் உரிமை.

ஸ்டீவ் ஸ்மித் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2018 மார்ச்சில் கேப்டவுன் டெஸ்ட்டில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் அவருக்கு ஓராண்டுத் தடை கிடைத்தது. தடை முடிவதற்கு முன்பே, அந்த டிசம்பரில், ஆஸ்திரேலிய வோடஃபோன் விளம்பரத்தில் தோன்றி, தப்பை ஒப்புக்கொள்வதைப் பற்றிப் பேசினார். மனம் திறந்து பேசினார் என்றார்கள் சிலர். வருத்தப்படுவதைக்கூட ஒரு போன் கம்பெனியின் செலவில்தான் செய்ய வேண்டுமா என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் ஏமாற்றியது ஆட்டத்தை. ஆட்டம் பார்ப்பவர்களிடம் வந்து பேசியதில் ஒரு முறை இருந்தது.

சரி, உங்கள் மகன். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இப்படிச் சிக்கலில் மாட்டிய பிரபலங்களை ரசிகர்கள் எப்படித் தொடர்ந்து ஆதரிக்கிறார்கள் என்று அமிட் பட்டாச்சார்ஜி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ‘அவர் செய்தது அப்படியொன்றும் பெரிய தப்பில்லை, யார்தான் செய்யவில்லை’ என்பது ஒன்று. ‘செய்தது தப்புதான், ஆனால் ஆட்டம் வேறு அது வேறு’ என்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு பேரும் அதே ஷூவைத்தான் வாங்குவார்கள். உள்ளே நடப்பதோ வேறு. முதலாமவர் தப்பின் எடையையே குறைத்துவிடுகிறார். இரண்டாமவர் அதைக் குறைக்காமல் தனியே எடுத்து வைக்கிறார்.

உங்கள் மகனின் கேரக்டர் சர்டிஃபிகேட் வசனம் (நல்ல வசனம், ஒப்புக்கொள்ளுங்கள்) இரண்டாவது வகைபோலத் தெரிகிறது. ஆனால் ஒரு கிண்டலை வைத்து முடிவு செய்ய முடியாது. அவனிடமே கேளுங்கள். ஷூவைப் பற்றி வேண்டாம், அந்த மனைவியைப் பற்றிக் கேளுங்கள். “அவங்க இடத்துல இருந்து இந்த விளம்பரத்தைப் பார்த்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டால் போதும். “பாவம்தான்மா, ஆனா அவர் ஆட்டம் எனக்குப் பிடிக்கும்” என்றால் நிம்மதியாக இருங்கள். “இவ்ளோ பெரிய ஆளுக்கு இதெல்லாம் சகஜம்” என்று வந்தால், அங்கே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சுக்கும் ஷூவுக்கும் சம்பந்தம் இல்லை.

சிறு வயதிலிருந்து ஆராதித்த ஆளைப் பற்றி இப்படிக் கேள்விப்படுவது 17 வயதுப் பையனுக்கும் லேசான விஷயம் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் வெட்கமும் இருக்கலாம்.

உங்கள் கணவர் ‘ஒரு விளம்பரத்துக்கா’ என்கிறார். கம்பெனிகள் இதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. உட்ஸ் விவகாரம் வெடித்த சில வாரங்களில் அவருடைய ஸ்பான்சர் கம்பெனிகளின் பங்கு மதிப்பு மொத்தமாக 500 கோடி முதல் 1,200 கோடி டாலர் வரை சரிந்திருக்கும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டார்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நைக்கியின் கோல்ஃப் பந்து விற்பனையை கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். அந்த விவகாரத்தால் நைக்கி வாடிக்கையாளர்களை இழந்தது உண்மை, ஆனாலும் உட்ஸை வைத்துக்கொண்டதுதான் லாபம் என்று அவர்கள் கணக்கு முடிந்தது. ஆக, அந்த விவகாரத்தால் கோபப்பட்டவர்களின் கோபம் பொய்யில்லை, கம்பெனியின் கணக்கும் தப்பில்லை. அந்தத் துணிச்சலில்தான், 2013-ல் உட்ஸ் மீண்டும் உலகின் முதலிடத்துக்கு வந்தபோது, ‘வெற்றி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்’ என்று அவருடைய வாசகத்தையே போட்டு நைக்கி படம் வெளியிட்டது. தரவரிசையைப் பற்றி அவர் வழக்கமாகச் சொல்வதுதான் அது என்று விளக்கமும் வந்தது. ஆனால் ‘எல்லாவற்றையும்’ என்றால் எதையெல்லாம் என்று கேட்டுப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள் மக்கள். எனக்கு அதில் கொஞ்சம் திருப்திதான்.

இனி வாங்கலாமா வேண்டாமா? உங்கள் காசில் வாங்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னது சரியான அளவு. அதைத் தாண்டி, வீட்டில் யாருமே வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். மகன் தன் சேமிப்பிலிருந்து வாங்கினால் அது அவன் முடிவு. ‘அப்போ உன் போன் கம்பெனி மட்டும் யோக்கியமா?’ என்று அவன் அடுத்துக் கேட்பான், தயாராக இருங்கள். எல்லாக் கம்பெனியையும் சலித்துப் பார்த்து வாங்க நான் நீதிபதி இல்லை, ஆனால் இந்த ஒரு விளம்பரம் என்னைச் சீண்டியது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியதைத் தூக்கிப் போடுவதிலும் அர்த்தமில்லை. இனவெறியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கை வைத்து 2018-ல் வந்த விளம்பரத்தை எதிர்த்துச் சிலர் நைக்கி ஷூக்களைக் கொளுத்தினார்கள். அது அரசியல் சண்டை, ஒழுக்கப் பிரச்சினை அல்ல. ஆனால் காசு கொடுத்து வாங்கி முடித்த ஷூவைக் கொளுத்துவதால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்கே கேட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் சத்தமில்லாமல் வாங்குவதை நிறுத்தினால், விற்பனை குறைந்ததற்கு வடிவமைப்பையோ விலையையோ காரணமாக நினைத்துக்கொண்டு கம்பெனி வேறு எதையாவது மாற்றும். எதனால் நிறுத்தினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். வீரரைத் திட்ட வேண்டாம். அவரை விலக்கச் சொல்லவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ‘அவர் விளையாடுவதைக் காட்டுங்கள், பார்க்கிறேன். அவர் வீட்டு வருத்தத்தை வைத்து எனக்கு ஷூ விற்காதீர்கள்’ என்று எழுதினால் போதும். அனுப்புவதற்கு முன் மகனிடம் படித்துக் காட்டுங்கள். வசனம் எழுதுவதில் அவன் உங்களைவிடக் கெட்டிக்காரன்போலத் தெரிகிறது.