பாதி லாரித் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

பருவநிலை மாற்றத்தை உலக அமைதியோடு சேர்த்துப் பார்க்கச் சொன்ன தீர்மானத்தை 2021 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியா எதிர்த்ததாகப் படித்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்த உலகப்போர் தண்ணீருக்காகத்தான் என்கிறார்கள். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி நந்தி தெரியும்போதெல்லாம் கர்நாடகாக்காரர்கள் மேல் ஆத்திரமாக வருகிறது. நம் ராஜதந்திரிகள் என்னதான் செய்ய வேண்டும்?

ச., சேலம்

அன்புள்ள ச.,

உலக அமைதிக்காக வெட்கப்பட்ட கையோடு பக்கத்து மாநிலத்துக்காரனைத் திட்டியிருக்கிறீர்கள். நடுவில் மூச்சுகூட விடவில்லை.

அந்த ஓட்டெடுப்பில் 12 நாடுகள் ஆதரவு, ரஷ்யாவும் இந்தியாவும் எதிர்ப்பு. ஐ.நா. பருவநிலை மாநாட்டில் கிட்டத்தட்ட 200 நாடுகள் உட்கார்ந்து பேசுவதைப் பாதுகாப்பு கவுன்சிலின் 15 பேர் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள் என்றது நம் தரப்பு. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு வருடத்துக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் வாக்குக் கொடுத்த பணக்கார நாடுகள் 2020 கெடுவைத் தாண்டியும் இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வெட்கத்தில் கொஞ்சம் அவர்களுக்கும் கொடுங்கள். உலகப்போர் வசனத்தை மேடைப் பேச்சாளர்களிடமே விட்டுவிடலாம்.

சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்த காலம் ஒன்று உண்டு. முனை வீட்டுப் பெரியம்மா லாரி வருவதற்கு முன்பே சட்டம் போட்டுவிடுவார். முழு லாரி என்றால் வீட்டுக்கு எட்டுக் குடம், பாதி என்றால் நாலு, அதற்கும் கீழே என்றால் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில். லாரி நின்றதும் டேங்கைக் கைமுட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் மாறுகிற இடத்தில் விரலை வைத்து, "இவ்வளவுதான்" என்பார். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஒரு கோடையில் அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பாதி லாரி வந்தது. குழாயை யார் பிடிப்பது என்று ஆரம்பித்து, ஒரு அக்காவின் நெற்றியில் பித்தளைக் குடம் பட்டு நாலு தையல். அதைவிடக் குறைவாகத் தண்ணீர் வந்த நாட்களிலும் அதுவரை அடிதடி நடந்ததில்லை.

இப்போது கங்கைக்கு வாருங்கள். 1996-ல் இந்தியாவும் வங்கதேசமும் போட்ட ஒப்பந்தப்படி, ஜனவரி முதல் மே வரை மேற்கு வங்கத்தின் பராக்கா தடுப்பணைக்கு விநாடிக்கு 70,000 கனஅடி வரை வந்தால் சரிபாதி. 50,000-க்குக் கீழே போனால்? இரண்டு அரசுகளும் உடனே கூடிப் பேசும். அவ்வளவுதான்! எங்கே பஞ்சம் ஆரம்பிக்கிறதோ அங்கே சட்டம் முடிந்துவிடுகிறது. அதிலுள்ள அட்டவணையோ 1949 முதல் 1988 வரை ஓடிய தண்ணீரின் சராசரி. அந்த மழையும் அந்தப் பனியும் இனி அப்படியே இருக்குமா? 30 வருட ஒப்பந்தம் அது, 2026 டிசம்பரோடு கெடு முடிகிறது. நம் ராஜதந்திரிகளுக்கு வேலை அங்கே இருக்கிறது.

காவிரியில் நிலைமை கொஞ்சம் தேவலை. பற்றாக்குறை ஆண்டில் எல்லார் பங்கையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் ஆகஸ்டில் மழை பொய்த்தால் அது பற்றாக்குறையா, தாமதமா? டேங்கைத் தட்டிப் பார்த்துச் சொல்வது யார்? 2023-ல் பெங்களூரு பந்த் வரை போனது இந்தத் தகராறுதான். அந்த ஆகஸ்டில் கர்நாடகாவின் மாண்டியா விவசாயியும் கே.ஆர்.எஸ். அணை மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். காவிரி ஆணையம் அந்த மாதங்களில் எந்தக் கணக்கை வைத்துத் தண்ணீர் விடச் சொன்னது என்று தேடிப் படியுங்கள் தம்பி. படித்த பிறகும் ஆத்திரம் மிச்சமிருந்தால் எழுதுங்கள், பேசுவோம்.