கணக்கு கேட்டா பக்தி இல்லன்னு அர்த்தமா?

கேள்வி: நவம்பர் 8 வந்தாலே எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல சண்டைதான் சார். இந்தத் தடவ "500, 1000 செல்லாதுன்னு சொல்லி என்னத்த சாதிச்சோம்"னு ஒரே ஒரு மெசேஜ் போட்டேன், எங்க பெரிய மாமா உடனே "நாட்டப் பிடிக்கலன்னா பாகிஸ்தானுக்குப் போ"ன்னுட்டார். கிரிக்கெட்ல இந்தியா தோத்தா அன்னைக்கு எனக்கு சோறு இறங்காது. கவர்மென்ட்ட குறை சொன்னா தேசத்துரோகமா? வெறுத்துப்போய் "இந்த நாடு உருப்படாது"ன்னு போட்டுட்டு குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் வரேன், மொதல்ல எங்க ஊர் கதை ஒண்ணு.

எங்க ஊர் திருநெல்வேலி பக்கம். அம்மன் கோயில் கொடைக்கு தலைக்கட்டு வரி போடுவாங்க, கொடை முடிஞ்சதும் வரவு செலவு வாசிப்பாங்க. ஒரு வருஷம் பந்தல் செலவு ரெண்டு எடத்துல வந்துச்சு, டீக்கடை அண்ணாச்சி எந்திரிச்சு ஏன்னு கேட்டார். "அம்மன் காரியத்துல கணக்கு பாக்கலாமா"ன்னு கமிட்டில ஒருத்தர் எகிறினார். "அம்மன்கிட்டயா கேட்டேன், ஒங்ககிட்டல்லா கேக்கேன்"னார் அண்ணாச்சி. வில்லுப்பாட்டுக்காரங்களுக்கு ராத்திரி பூரா காசு வாங்காம டீ ஊத்தினவர் அவர்தான், பக்தி இல்லன்னு யாரும் வாயத் தொறக்க முடியல.

உங்க மாமா குழப்பிக்கிறதும் இதத்தான்: கமிட்டியும் அம்மனும் ஒண்ணுங்கிற மாதிரி, ஆட்சியும் நாடும் ஒண்ணுன்னு.

நோட்டு விஷயத்துல எனக்கும் சொந்தக் கோவம் இருக்கு. எங்க அம்மா கடுகு டப்பாவுல சிறுவாடு சேத்து வச்சிருந்தாங்க, எல்லாம் 500 ரூபா நோட்டு, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, கடுகு வாசனையோட. 2016ல அத அப்பாகிட்ட காட்டி பேங்க்ல போடச் சொல்ல வேண்டியதாப் போச்சு, இருபது வருஷ ரகசியம் ஒரே ராத்திரில அவுட். அந்த அம்மாதான் டிவில ஜனகணமன போட்டா அடுப்ப சிம்ல வச்சுட்டு வந்து நிப்பாங்க. இப்ப அவங்கள எந்த நாட்டுக்கு அனுப்புறது?

விவரமும் சொல்லிடுறேன், குரூப்ல யூஸ் ஆகும். அன்னைக்கு புழக்கத்துல இருந்த பணத்தோட மதிப்புல சுமார் 86 சதவீதம் செல்லாமப் போச்சு, கறுப்புப் பணம்லாம் திரும்பி வராதுன்னு பேசினாங்க, ஆனா 2018ல ரிசர்வ் பேங்க் சொன்ன கணக்குப்படி 15.41 லட்சம் கோடில 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், பேங்குக்கே வந்துடுச்சு. 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் 4-1ன்னு அந்த முடிவு செல்லும்னு சொல்லுச்சு, மாமா இதக் கண்டிப்பா எடுத்துப் போடுவார். அந்த ஒத்தை ஆளு நீதிபதி நாகரத்னா. நோக்கம் நல்லதா இருக்கலாம், ஆனா வெறும் அறிவிக்கையால பண்ணது சட்டப்படி தப்புன்னு எழுதினாங்க. அவங்களயும் பாகிஸ்தான் பஸ் ஏத்திடலாமா?

தேசத்துரோகமான்னு கேட்டீங்களே, 1962லயே கேதார்நாத் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு: அரசாங்கத்த எவ்ளோ கடுமையா விமர்சிச்சாலும், வன்முறையத் தூண்டாத வரைக்கும் அது அந்தக் குத்தத்துல வராது. தேசத்துரோகத்துக்கான அதே 124ஏ பிரிவுலதான் 1922ல அகமதாபாத்ல காந்திக்கு ஆறு வருஷம் குடுத்தாங்க, அன்ப சட்டம் போட்டு வரவைக்க முடியாதுன்னு அவர் கோர்ட்லயே சொன்னார். கோர்ட் இப்படிச் சொல்லியும் கேஸ் போடத்தான் செஞ்சாங்க, 2024ல அந்தப் பழைய சட்டம் போய் புதுச் சட்டமும் வந்துடுச்சு, அது தனிக் கதை.

இப்ப உங்க கடைசி வரி. நோட்டப் பத்திக் கேட்டீங்க பாருங்க, அது அண்ணாச்சி கேள்வி. "நாடு உருப்படாது"ங்கிறது வரியும் கட்ட மாட்டேன் கூட்டத்துக்கும் வர மாட்டேன்ங்கிற மாதிரி. ஆட்சியும் நாடும் ஒண்ணுன்னு மாமா நெனைக்கிறார்னு சொல்லிட்டு, ஆட்சி மேல இருந்த கோவத்த நீங்களும் நாட்டு மேலதான் எறக்கியிருக்கீங்க.

குரூப்ல திரும்பச் சேருங்க. மாமாகிட்ட மெதுவா கேளுங்க, 2011ல ஊழலுக்கு எதிரா டெல்லில அன்னா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தப்ப நீங்க யாரத் திட்டிட்டு இருந்தீங்க மாமான்னு. மெழுகுவர்த்தி பிடிச்ச போட்டோ கூட இருக்கலாம், அத்தைகிட்ட கேட்டுப் பாருங்க.