இரவில் பச்சை உணவு: பையனுக்கு மட்டும் வயிற்று உப்புசம்

உங்கள் பையனுக்கு முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். மூன்று நாள் கழித்துக் கொடுப்பதானால் ஆவியில் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். மற்றபடி இரவு இயற்கை உணவையே கைவிட வேண்டியதில்லை.

வீடே இரவில் சமைக்காத இயற்கை உணவுக்கு மாறி இரண்டு வாரம், ஆறு வயதுக்காரனுக்கு மட்டும் உப்புசம், வயிறு இளகிப் போகிறது என்கிறீர்கள். நீங்கள் தந்த உணவுப் பட்டியலைப் பார்த்தால் என் சந்தேகம் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும்தான். அவற்றிலுள்ள சில சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகின்றன. போதாததற்கு, முளை விடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கும் தோதானவை. ஒரு கோடையில் நான் துணியைப் பிரித்தபோது பயறு நூல் விட்டுக் கொழகொழவென்று இருந்தது. கழுவினால் சரியாகிவிடும் என்று தின்றுவிட்டு இரண்டு நாள் அவதிப்பட்டேன். நல்ல வாடை இருந்தாலும் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாள் முளைப்பயறை மட்டும் நிறுத்திப் பாருங்கள். வாழைப்பழம், ஊறவைத்த அவல், கொஞ்சம் தேங்காய்த் துருவல் போதும். உப்புசம் அடங்கினால் காரணம் பெரும்பாலும் பயறுதான். அடங்காவிட்டால் பழத்தின் அளவைக் குறையுங்கள்.

அப்புறம் ராஜ்மா. முளைகட்டினாலும் பச்சையாக யாருக்கும் வேண்டாம். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது இதில் எது வந்தாலும் மூன்று நாள் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். உங்கள் மாமியார் சர்க்கரை மாத்திரை போடுகிறார் என்றீர்களே, இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு மாத்திரை போட்டால் சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவருடைய மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.