வேகமாக நடந்தாலே நெஞ்சு படபடக்கிறது. பதற்றத்துக்கு உடற்பயிற்சி நல்லது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். உடற்பயிற்சி செய்தால் 'ஹேப்பி ஹார்மோன்' சுரக்கும் என்கிற விளக்கத்தை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எடுக்கவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள்.

எனக்கும் இதே கதைதான். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வியர்க்கும், அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் வாயு, கேஸ் ட்ரபிள் என்றார்கள், வீட்டில் பெருங்காயம் போட்ட மோராகக் கொடுத்துத் தள்ளினார்கள். கடைசியாகப் பார்த்த மனநல மருத்துவர்தான் இது பேனிக், அதாவது திடீரென்று வந்து தாக்கும் பீதி என்று சொல்லி, மாத்திரையோடு வேக நடையும் எழுதிக் கொடுத்தார். "நடந்தாலும் இதே படபடப்புதானே டாக்டர் வருது?" என்றேன். "அதுக்காகத்தான் நடக்கச் சொல்றேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியதுமே மனசு 'அய்யோ, வந்துடுச்சு' என்று அலறும். நிற்காமல் வேகத்தை மட்டும் குறைப்பேன், கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கிவிடும். இப்படியே பழகப் பழக, நெஞ்சு அடித்தால் உடனே சாவு என்று நினைக்கிற புத்தி மெல்லப் போய்விட்டது. அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் அது வந்தபோது, 'ரேஸ்கோர்ஸ் ரெண்டாவது ரவுண்டு மாதிரிதானே இருக்கு' என்று தோன்றியது. அன்று இறங்கவில்லை.

மாத்திரையை விடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். எங்கள் சித்தப்பா 1999இல் வந்த ட்யூக் பல்கலைக்கழக ஆய்வை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார், உடற்பயிற்சியே போதுமாம்" என்றார். அது 50 வயது தாண்டிய 156 பேரை வைத்து மனச்சோர்வு பற்றிச் செய்த ஆய்வு. 16 வார முடிவில் உடற்பயிற்சியும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன, ஆனால் மாத்திரைதான் சீக்கிரம் கேட்டது. அந்த வரியை மட்டும் சித்தப்பா படிக்கவில்லை. நான் டாக்டர் சொல்லித்தான் மாத்திரையைக் குறைத்தேன்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், போதும்.

எங்கே நடப்பது என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் தெருப் பக்கத்துப் பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டினால் சாயங்காலம்தான் திறக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன் எப்போது நடப்பான்? கேட்டால், பகலில் ஜோடிகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். உட்காரட்டுமே, நடைபாதையிலா உட்காரப் போகிறார்கள்?